பாலடை வெந்த அடுப்பு

காலையில் கண் விழித்ததும் சங்கர்ராம் சாமி படத்தைப் பார்ப்பதில்லை, கைபேசியையும் பார்ப்பதில்லை. நேரே கொல்லைக்குப் போய் டிரம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்.

தொட்டித் தண்ணீரில் கவிழ்த்து வைத்த நீல டிரம் அது. அடியில் காய்கறித் தோலும் பழஞ்சோறும் புளித்து வாயுவாக மாற மாற, டிரம் மெல்ல மேலே மிதந்து வரும். அங்கிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்துச் சமையலறை அடுப்புக்குப் போகிறது. கொச்சியில் கலூர்ப் பக்கம் ஒரு கடையில் வாங்கி நாலு மாதமாகிறது. டிரம்மின் பக்கவாட்டில் அவர் சாக்பீஸால் தினம் ஒரு கோடு போடுவார். கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.

அதற்குக் காரணம் உண்டு. மட்டாஞ்சேரியில் அந்த வீட்டில் அவரும் மனைவி மீனாக்ஷியும் மட்டும்தான். இரண்டு பேர் சாப்பிட்டு என்ன மிச்சமாகும்? நாலு கத்திரிக்காய்க் காம்பு, கொஞ்சம் காப்பிப் பொடி. அதற்கு ஒன்பது நிமிஷம் எரியும்.

"பால் காயறதுக்குள்ள மூச்சை விட்டுடறது, பாவம்" என்பாள் மீனாக்ஷி. பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போடு என்றார், போட்டாள். கடைக்குத் துணிப்பை என்றார், எடுத்துப் போனாள். இந்தத் தொட்டி விஷயத்தில்தான் அவள் பொறுமை தீர்ந்துகொண்டு வந்தது.

ஒரு வியாழக்கிழமை அவள் சொன்னாள்: "ஏன்னா, அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை அண்ணா வரான். அன்னிக்கு சமையல் முழுக்க உங்க அடுப்புலதான். நடுவுல அணைஞ்சுதுன்னா, திங்கக்கிழமை தொட்டியைத் தூக்கிக் குடுத்துட்டு அந்த எடத்துல கறிவேப்பிலை வெச்சுடுவேன். சம்மதமோ?"

"சம்மதம்" என்றார்.

மீனாக்ஷியின் அண்ணா வெங்கிடராமன் பாலக்காட்டுக்காரர். சங்கர்ராம் காரை விற்றுவிட்டு சைக்கிளில் போக ஆரம்பித்தபோது, ஒரு கல்யாணப் பந்தியில், இருநூறு பேர் நடுவில், "மாப்பிள்ளை லைசென்ஸைத் தொலைச்சுட்டாராக்கும்" என்று சொன்னவர். மழைத் தண்ணீர் பிடிக்கத் தொட்டி கட்டியபோது, "கொசுவுக்கு சத்திரம் கட்டியாச்சோ" என்று கேட்டவர். பந்தியே சிரித்தது, தெருவே சிரித்தது. சங்கர்ராமும் கூடச் சிரித்தார். ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஒன்பது நிமிஷத்தை மூன்று மணி நேரமாக்க வேண்டும். கையில் பத்து நாள் இருந்தது. மறுநாள் காலை ஒரு வாளியை எடுத்துக்கொண்டு கொச்சங்காடிச் சந்தைக்குப் போனார். அங்கே காய்கறி விற்கும் பொன்மணி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கொச்சிக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது.

"பொன்மணி, அழுகின காய், கீரைத் தண்டு ஏதாவது உண்டோ?"

"என்ன சாமி, மாடு வாங்கிட்டியளா?"

"ஒரு மாதிரி மாடுதான். தின்னும், பால் தராது. தீ தரும்."

பொன்மணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் விளக்கிச் சொன்னார். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "தண்டைத் தின்னுட்டு அது என்னத்தத் தரும்? நம்ம பக்கத்துக் கடைச் சேட்டன்கிட்ட மீன் தலையும் செவுளும் கெடக்கு. அதப் போட்டா பொங்கிட்டு வரும்லா."

"எங்காத்துல முட்டைகூட வாங்க மாட்டோம், பொன்மணி."

"நீங்களா திங்கப் போறிய? அந்த மாடுல்லா தின்னப் போவுது."

சங்கர்ராம் யோசித்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சந்தையின் கூரையைப் பார்த்தார். அங்கே ஒரு புறா உட்கார்ந்திருந்தது. அது பறந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மேல ஒரு முட்டைக்கோஸ் எலையைப் போட்டு மூடிக் குடு" என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு வாளி. மீனாக்ஷி குளிக்கும் நேரம் பார்த்துத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்கி, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவுவார். வீட்டில் சோப்பு கண்ணெதிரே கரைந்துகொண்டு போனது. ஒரு ஆள் கழுவி இவ்வளவு கரையுமா என்று அவருக்கே ஆச்சரியம். கேட்க முடியுமா? பேசாமல் புதுசு வாங்கி வைத்தார்.

டிரம் எழும்பியது. மூன்றாம் நாள் நாலு விரல். ஐந்தாம் நாள் ஒரு சாண். ஏழாம் நாள் சாக்பீஸ் எட்டவில்லை, முக்காலி போட்டு ஏறினார். அடுப்பு நாற்பது நிமிஷம் நீலமாக நின்று எரிந்தது. சங்கர்ராம் சாம்பார் கொதிப்பதைப் பார்க்கவே சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எப்படி இத்தனை எரிகிறது என்று மீனாக்ஷி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதவரை நல்லது என்று இருந்துவிட்டார்.

ஞாயிறு வந்தது. டிரம் விளிம்புக்கு வந்து, ஒருபக்கம் சாய்ந்து, தண்ணீருக்குள் குளக் குளக் என்று ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. சாம்பார் ஆயிற்று, அவியல் ஆயிற்று, ஓலன் ஆயிற்று. ஒன்றரை மணி நேரம் பால் சுண்டி இளஞ்சிவப்பில் பாலடைப் பிரதமன் பாயசமும் ஆயிற்று. தீ ஒரு இழை குறையவில்லை.

வெங்கிடராமன் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "மாப்பிள்ளை, இந்தத் தடவை என்ன அவதாரம்?"

"சாப்பிடுங்கோ, அப்பறம் காட்டறேன்."

சாப்பிட்டார். பாலடையை இரண்டு டம்ளர் குடித்தார். பிறகு அடுப்பைக் காட்டினார்கள். வெங்கிடராமன் குனிந்து தீயைப் பார்த்தார், ஜன்னல் வழியாக டிரம்மைப் பார்த்தார், கிண்டலுக்கு வார்த்தை தேடினார். கிடைக்கவில்லை. சங்கர்ராமுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்போதுதான் கொல்லையிலிருந்து ஒரு வாடை வந்தது. வாயு கொள்ளாமல் விளிம்பில் கசிகிறது, எரித்துத் தீர்க்க வேண்டும் என்று சங்கர்ராம் சொன்னார். என்னத்தைச் சமைப்பது? மீனாக்ஷி வாணலியை வைத்துப் பப்படம் பொரிக்க ஆரம்பித்தாள். ஒரு கட்டு முடிந்தது, இரண்டாவது முடிந்தது. தட்டு நிறைந்து முறத்தில் போட்டாள், முறம் நிறைந்து பேப்பரில் போட்டாள். சங்கர்ராம் கைநிறைய அள்ளி இரண்டு பக்கத்து வீடுகளிலும் கொடுத்துவிட்டு ஓடி வந்தார். அடுப்பு உஸ்ஸென்று எரிந்துகொண்டேயிருந்தது. வெங்கிடராமன் நின்றபடி பப்படம் கடித்தார்.

வாசலில் குரல் கேட்டது. "இன்னிக்கு ரெண்டு பேரையும் காணல, அதான் நானே கொண்டாந்தேன்."

பொன்மணி. இரண்டு கையிலும் இரண்டு வாளி. இரண்டின் மேலும் முட்டைக்கோஸ் இலை.

"இது சாமிக்க காலை வாளி. இது மாமிக்க மத்தியான வாளி" என்று பிரித்து வைத்தாள். வைத்தபிறகு மூன்று முகங்களையும் பார்த்தாள். "ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியக்கூடாதுன்னு ரெண்டு பேரும் சொன்னிய. மறந்துபோச்சு."

வாணலியில் ஒரு பப்படம் கருகியது. யாரும் திருப்பவில்லை.

"நீயுமா?" என்றார் சங்கர்ராம்.

மீனாக்ஷி கரண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க தூங்கறச்சே போவேன். தோத்துடுவேள்னு பயமா இருந்துது. அண்ணா சிரிக்க, நீங்களும் சேந்து சிரிக்கறதை இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது."

"அப்போ சோப்பு?"

"நானும்தான் தேச்சேன்."

முதலில் சிரித்தது அவள்தான். சங்கர்ராம் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, மேடையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். பொன்மணி வாசற்படியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெங்கிடராமன் ஒரு வாளியின் இலையை விரல் நுனியால் தூக்கினார். உள்ளேயிருந்து ஒரு சாளை மீனின் கண் அவரைப் பார்த்தது. அவரும் பார்த்தார். இலையை இருந்தபடியே மூடினார். சமையலறையில் சிரிப்பு நின்றது.

"எத்தனை நாளா?"

"பத்து" என்றார் சங்கர்ராம்.

"பாலடை?"

"இதுலதான்."

வெங்கிடராமன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் தன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில், "இன்னும் ஒரு டம்ளர் இருக்கோ?" என்றார்.

மீனாக்ஷி கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். "எங்காத்துக் கொல்லையிலயும் எடம் உண்டு, மாப்பிள்ளை. ஆனா எங்க தெருவுல நான் மீன் தலைக்கு எங்கே போவேன்?"

மீனாக்ஷி பொன்மணிக்கு ஒரு முறம் பப்படத்தை நீட்டினாள்.

"நாளைலேர்ந்து ஒரு வாளி போறும், பொன்மணி. வரச்சே ஒரு கறிவேப்பிலைக் கன்னும் கொண்டு வா. தொட்டிக்குப் பக்கத்துல வெச்சுக்கறேன்."