ஃப்ரீசரில் இடமில்லை

வீல் என்று அலறியது அலாரம். நிர்வாக இயக்குநர் கையிலிருந்த பேனாவைப் போட்டுவிட்டுக் கீழ்த்தளத்துக்கு ஓடினாள்.

நீரிழிவு நோய்க்கான கூட்டு ஆராய்ச்சி மையம் அது. மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துவது. சேர்ந்து என்பதெல்லாம் பெயர்ப்பலகையோடு சரி. அந்தப் பக்கத்துக்குப் பெரிய டாக்டர் தலைவர்; இந்தப் பக்கத்துக்குப் பேராசிரியர். டாக்டரின் தங்கையைக் கட்டியவர் பேராசிரியர். மச்சானும் மாப்பிள்ளையும் என்றால் எல்லாம் சுமுகமாக நடக்கும் என்று எவரோ நினைத்திருக்கிறார். அந்த எவரோ இப்போது அவள் கையில் கிடைத்தால் தெரியும் சேதி.

மருத்துவமனைக்காரர்களின் ஃப்ரீசரில் சிவப்பு எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. மைனஸ் எண்பதில் நிற்க வேண்டியது மைனஸ் ஐம்பத்தைந்துக்கு வந்துவிட்டது. உள்ளே இருப்பது, சர்க்கரை நோய் வந்த குழந்தைகளிடம் அவர்கள் வளர வளர ஆண்டுதோறும் எடுத்துச் சேர்த்த ரத்தம். உருகினால் போனது போனதுதான். இன்று மீசை முளைத்து நிற்கிறவனிடம் போய், ஐந்து வயதில் ஓடிய ரத்தத்தைக் கொடு என்று கேட்க முடியுமா?

பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் ஃப்ரீசர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. பூட்டோடு. அலாரம் கேட்டு டாக்டரும் பேராசிரியரும் வந்து ஆளுக்கொரு பக்கம் நின்றிருந்தார்கள்.

“சாவியக் குடுங்க சார்,” என்றாள் பேராசிரியரிடம்.

“எங்க ஃப்ரீசர்ல இடமில்ல மேடம். போன கூட்டத்துலயே சொன்னேனே.”

“ரெண்டு பேருமேதான் சொன்னீங்க. அதை நம்பித்தான் மூணாவது ஃப்ரீசர் வேணும்னு மேலிடத்துல கெஞ்சிட்டு வந்திருக்கேன். இப்ப கொஞ்சம் நெருக்கி வைங்க.”

“மச்சான் கேக்கட்டும். வாயத் திறந்து என்கிட்ட கேக்கட்டும்.”

டாக்டர் சுவரிடம் பேசினார். “எங்க சாம்பிள அவங்க ஃப்ரீசர்ல வச்சா, நாளைக்கு அது அவங்க சாம்பிள்னு கட்டுரை வந்துடும் மேடம். மாப்ளைய எனக்குத் தெரியாதா? இரவல் வாங்கின என் கோட்டே இன்னும் திரும்பி வரல.”

“அது உங்க தங்கச்சி பீரோவுல இருக்கு. தைரியமிருந்தா அவகிட்ட கேளுங்க!”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்க, அவங்க; எங்க, அவங்க. ‘நம்ம’ என்ற ஒரு சொல் இவர்கள் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை.

“உங்க மச்சான் மாப்ள சண்டையெல்லாம் வீட்ல வச்சுக்குங்க! சாவி வரலன்னா அந்தப் பிள்ளைங்களோட அப்பா அம்மாவ இங்க வரவழைப்பேன். ரெண்டு பேரும் அவங்களுக்குப் பதில் சொல்லுங்க.”

சாவி வந்தது.

கதவைத் திறந்தால், மேலிருந்து கீழ்வரை வெள்ளை அட்டைப் பெட்டிகள்.

“பாத்தீங்களா? ஊசி குத்த இடமில்ல,” என்றார் பேராசிரியர்.

தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு பெட்டியை இழுத்தாள். காற்றாக வந்தது. மூடியைத் திறந்தாள். ஒன்றுமில்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். பஸ் சீட்டில் துண்டு போட்ட கதைதான்.

“பின்னாடி தேவைப்படும்னு...” என்று இழுத்தார் பேராசிரியர்.

டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சபாஷ் மாப்ள! காலிப் பெட்டிக்கா இத்தனை நாளா குளிர் ஏத்திட்டு இருந்தீங்க?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலிப் பெட்டிகளை வாரித் தரையில் எறிந்தாள். டாக்டரின் ஃப்ரீசரைத் திறந்தார்கள். ரத்தம் அடைத்த குப்பிகள் இன்னும் கல்லாகத்தான் இருந்தன. மேல் தட்டு இடம் மாறியது. இரண்டாவது தட்டும் மாறியது. அப்பாடா என்று அவளுக்கு மூச்சு வந்தது.

மூன்றாவது தட்டுக்குக் கை நீட்டியபோது டாக்டரின் சிரிப்பு நின்றது.

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன் மேடம். நீங்க மேல போய் உக்காருங்க.”

அவள் ஒரு பெட்டியைத் தூக்கினாள். காற்று. அதற்குக் கீழே இருந்த அத்தனையும் காற்று.

பெட்டியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

டாக்டர் பேராசிரியரை ஓரக்கண்ணால் பார்த்தார். “இடம் இருக்குன்னு தெரிஞ்சா, மாப்ள வந்து உக்காந்துடுவாரே மேடம்!”