மலக்கியின் சிங்கம்

"டெர்வ்லா! ஓடி வா பொண்ணே, ஓடி வா!"

தேநீர்க் குடுவையைப் புல்லில் போட்டுவிட்டு டெர்வ்லா ஓடினாள். கூரை போன பழைய கிறிஸ்தவ மடத்துக் கோயிலுக்குள், அவள் அம்மாவின் கல்லறையை ஒட்டி, முழங்கால் ஆழக் குழியில் ஃபின்டன் மண்டியிட்டிருந்தார். அப்பாவுக்கு நாளைக்கு அடக்கம். திங்கட்கிழமை குழி திறப்பது வீட்டுக்கு ஆகாது என்று ஞாயிறன்றே பக்கத்து வீட்டு ஃபின்டனும் அவர் தம்பி ஜார்லத்தும் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் வெட்டக்கூடாது. குடிக்க ஏதாவது கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஃபின்டன் தொப்பியால் மண்ணைத் துடைத்தார். சிவப்புத் தரை ஓடு. அதில் மஞ்சளாக ஒரு சிங்கம், வாலைத் தூக்கிக்கொண்டு. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று!

"அப்பா சொன்னது நெசம்!" அவள் கத்திய கத்தலில் கோபுரத்துக் காக்கைகள் எழும்பின.

வெள்ளை அங்கித் துறவிகள் நடந்த தரை அடியில் பத்திரமாக இருக்கிறது என்று அவள் அப்பா மலக்கி வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். யார் நம்பினார்கள்? அந்தக் காலத்தில் அரசன் துறவிகளைத் துரத்திக் கூரை ஈயத்தை உருக்கிக்கொண்டு போனான். மிச்சமிருந்த கல்லை ஊரே வீடு கட்டச் சுமந்துகொண்டு போனது. ஃபின்டன் வீட்டு மாட்டுத் தொழுவத்துக்கு வாசலே மடத்து வளைவுதான். "தலைமுறை தலைமுறையாப் பொணம் பொதைக்கிற எடத்துல தரை எங்கய்யா மிஞ்சும்? கனவு கண்டியா?" என்று மதுக்கடையில் சிரிப்பை ஆரம்பித்து வைப்பவரும் அவரே.

ஜார்லத் தலையைச் சொறிந்தார். "இதுக்கு மேல வெட்டணும்னா இதை ஒடைக்கணும். தொல்லியல் ஆபீசுக்குச் சொன்னா ஒரு பிடி மண்ணு எடுக்க விடமாட்டான். அப்புறம் உங்கப்பாவுக்கு ரோட்டோரப் புது மயானந்தான். நாம மூணு பேரும் வாயத் தொறக்கலேன்னா யாருக்குத் தெரியப்போவுது?"

உங்கம்மா பக்கத்தில் போட்டுவிடு, வேறொன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா கண்ணை மூடினார். அவர் கையைப் பிடித்துச் சரி என்றவள் டெர்வ்லா. இப்போது அந்த வாக்குக்குக் குறுக்கே அவருடைய சிங்கமே படுத்திருக்கிறது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் என்று அவளுக்கே தெரியவில்லை.

"மண்வெட்டியக் கீழ போடுங்க மாமா," என்றாள். "நாளைக்கு ஆபீஸ் தொறந்ததும் நானே சொல்றேன். ரோட்டோரமே பொதைச்சுக்கலாம். ஆனா இப்பவே வீட்டுக்குப் போங்க. துக்கத்துக்கு வந்த ஒருத்தர் விடாமக் கூட்டிட்டு வாங்க. சிரிச்சவங்க எல்லாரும் வரணும். அப்பாவையும் தூக்கிட்டு வாங்க. இன்னிக்கு ஒரு சாயங்காலமாவது அம்மா பக்கத்துல இருக்கட்டும்."

ஃபின்டன் ஓடினார். அந்த உடம்பு ஓடி ஊரில் யாரும் பார்த்ததில்லை.

வெயில் சாய்வதற்குள் வழிநெடுகச் சனம். ஆறு தோள்களில் பெட்டி வந்தது. கயிற்றில் இறக்கும்போது, "இருங்க, இருங்க!" என்று ஃபின்டன் பூட்ஸைக் கழற்றி எறிந்தார். கிழிந்த காலுறையோடு குழிக்குள் இறங்கி மண்டியிட்டு, ஓட்டில் ஒரு கீறல்கூட விழாதபடி இரண்டு கைகளையும் மேலே நீட்டிப் பெட்டியை வாங்கினார்.