ஏறி இறங்கும் நாற்காலி

அத்தைக்கு விமானம் கிடைத்துவிட்டது என்று நாத்தனார் போன் செய்தபோது, அவள் புருவம் திருத்த வந்த டீச்சரின் இடது புருவத்தை முடித்துவிட்டு வலது புருவத்துக்காக நூலைப் பல்லில் கடித்திருந்தாள். செய்தியைக் கேட்டதும் நூல் நழுவி விழுந்தது. நாளைக் காலையில் வந்து இறங்குகிறாராம். சிறப்பு விமானமாம். யாரோ கடைசி நேரத்தில் வராமல் போனதால் கிடைத்த இடமாம். நாத்தனாரின் குரலில் அப்படி ஒரு நிம்மதி. இவளோ அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். மறுபடி நூலை எடுத்தாள், மனம் புருவத்தில் நிற்கவில்லை. நூல் கண்ணில் பட்டுவிட்டால் யார் பதில் சொல்வது? “நாளைக்கு வாங்க டீச்சர், ஒரு நிமிஷத்துல முடிச்சுடறேன்” என்று சமாதானம் சொல்லி, ஒற்றைப் புருவத்தோடு அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டாள்.

மகளின் பிரசவத்துக்கென்று மூன்று மாதம் வெளிநாட்டுக்குப் போனவர் அத்தை, அவளுடைய மாமியார். போன இடத்தில் நோய் வந்து வானத்தையே பூட்டிவிட்டார்கள். டிக்கெட் போடுவதும், விமானம் ரத்தாவதும், அத்தை போனில் மூக்கைச் சிந்துவதுமாக ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இவள் இந்தப் பக்கத்திலிருந்து “அடடா, பாவமே” என்பாள். போனை வைத்ததும் அப்பாடா என்று காலை நீட்டி உட்காருவாள். அப்படிச் சந்தோஷப்படுவது தப்பு என்று தெரியும். தெரிந்தும் பட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன் அவள் கற்ற அழகுக்கலை, வந்த நாளிலிருந்து பரணில் கிடந்தது. ‘கண்டவளும் வந்து தலைய விரிச்சுப் போட்டு உக்கார்ற எடத்துக்குப் பேரு வீடு இல்ல’ என்று அத்தை ஒரே வாக்கியத்தில் அதற்கு மூடுவிழா நடத்தியிருந்தார். அவர் ஊரில் இல்லாதபோது, தெருவைப் பார்த்த தனி வாசலும் ஒட்டினாற்போல் குளியலறையும் உள்ள அவருடைய அறை சும்மாதானே கிடக்கிறது என்று முதலில் ஒரு கண்ணாடியை மாட்டினாள். கூட்டமான பார்லர்களுக்குப் போகப் பயந்த பெண்கள், ஒருவர் போன பின் ஒருவராக இங்கே வரத் தொடங்கினார்கள். ஊரெல்லாம் பிழைப்பைக் கெடுத்த நோய் இவளுக்கு மட்டும் பிழைப்பைக் கொடுத்தது. பிறகு அந்த நாற்காலி வந்தது. கறுப்புத் தோல் வைத்தது. காலால் மிதித்தால் ஏறும், அழுத்தினால் இறங்கும், எந்தப் பக்கமும் சுற்றும். அதைத் தரையில் போல்ட் போட்டு முடுக்கிய அன்று, இந்த வீட்டில் என்னுடையது என்று ஒரு பொருள் நிற்கிறதே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “அம்மா வர்றதுக்குள்ள எடுத்துடணும்” என்று புருஷன் மட்டும் அவ்வப்போது முனகுவான். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் தலையாட்டியே கழுத்து தேய்ந்துபோன மனிதன்.

எடுக்கத்தான் பார்த்தார்கள். கண்ணாடி கழன்றது, புட்டிகளெல்லாம் பரணில் ஏறின, கட்டில் பழைய இடத்துக்கு வந்தது. நாற்காலி மட்டும் அசையவில்லை. முடுக்கியவன் போல்ட்டின் தலை மேல் சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருந்தான். அவனைக் கூப்பிடலாம் என்றால் நோய் வந்த தெரு என்று அவனுடைய தெருவையே தட்டி கட்டி அடைத்துவிட்டார்களாம். கடைசியில் ஒரு போர்வையைப் போட்டு மூடினாள். மூடியதும் அது இன்னும் பெரிதாகி, யாரோ முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம், இதை எங்கே மறைப்பது?

அத்தை வந்து இறங்கியதும், தனிமைப்படுத்த வந்த சுகாதார ஆய்வாளரிடம், அத்தை எங்கள் அறையிலேயே இருக்கட்டும் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தனி வாசல், தனிக் குளியலறை, இதைவிட நல்ல அறை இந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று பாராட்டினார். அத்தையை உள்ளே அனுப்பி, கேட்டில் சீட்டை ஒட்டினார். தனிமைக் காலம் முடியும்வரை உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே போகக்கூடாது. கதவு சாத்திய வேகத்தில் அத்தையின் குரல் கேட்டது.

“என்னடா இது, முக்காடு போட்டு உக்காந்திருக்கு?”

புருஷன் கதவோடு ஒட்டி நின்றான். “உன் இடுப்பு வலிக்கும்மா. அவதான் ஆசையா வாங்கி வச்சா” என்றான். கட்டிய பெண்டாட்டியைப் பற்றி அம்மாவிடம் அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை, அதுவும் பொய்.

அன்றிலிருந்து அத்தைக்கு நாற்காலியில்தான் வாசம். சுவர் வழியாகக் கீச் கீச் என்று மிதி கேட்டுக்கொண்டே இருக்கும். சொந்தக்காரர் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரையும் வீடியோவில் கூப்பிட்டு, ஏறிக் காட்டுவார், இறங்கிக் காட்டுவார், ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டுவார். என் மருமகள் வாங்கிக் கொடுத்தது என்பார். கதவுக்கு வெளியே முக்காலியில் தட்டை வைக்கப் போகும்போதெல்லாம் அவள் காதில் அது விழுந்தது. இத்தனை வருடத்தில் அந்த வாயிலிருந்து வராத புகழ்ச்சி. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு அது பிடித்திருந்தது. தட்டில் பொரியல் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது. ஆனால் கதவு திறந்ததும் நாற்காலியைக் கூடத்துக்குக் கொண்டுபோய் டிவிக்கு எதிரே போட வேண்டும் என்று அத்தை சொன்ன அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் கடை போகும், புகழும் போகும். சொல்லாவிட்டால் நாற்காலி போகும். இருதலைக் கொள்ளி எறும்பு எவ்வளவோ தேவலை. நடுவே டீச்சர் வேறு செய்தி மேல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். வீடியோ வகுப்பில் முகத்தை ஒரு பக்கமாகவே திருப்பிவைத்துப் பாடம் நடத்துகிறாராம், கழுத்து பிடித்துக்கொண்டுவிட்டதாம். முகக்கவசம் என்னென்னவோ வகையில் வந்துவிட்டது, புருவத்தை மூடுவதற்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

அன்று மத்தியானம் தட்டோடு போனபோது அத்தை தன் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார். வழக்கமான கச்சேரிக் குரல் இல்லை.

“அங்க எங்க உக்காந்தாலும் யாராவது வந்து நிப்பாங்கக்கா. சோபா மாப்பிள்ளைக்கு. சாப்பாட்டு மேஜை மகளோட ஆபீஸ். நான் கொழந்தை துணி மடிக்கிற மாதிரி பாதி நாள் கட்டில் ஓரத்துலயே ஒண்டிக்கிட்டு இருந்தேன். பெத்த பொண்ணுக்குத் தோணல, வந்தவளுக்குத் தோணிருக்கு பாரு, நமக்குன்னு ஒரு நாற்காலி வேணும்னு.”

தட்டை வைக்காமல் அவள் நின்றுவிட்டாள். இந்த மனுஷி அங்கே அழுதபோதெல்லாம் இங்கே காலை நீட்டி உட்கார்ந்தோமே என்று நினைத்துக்கொண்டாள். அத்தை போன் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு கதவைப் பார்த்தே சொன்னாள்.

“அத்தை, அது உங்களுக்கு வாங்கினது இல்ல.”

கீச் சத்தம் நின்றது. அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கண்ணாடி, புட்டிகள், சிமெண்ட் பூசிய போல்ட், புருஷனின் பொய், ஒன்றையும் விடவில்லை.

“தெரியும்” என்றார் அத்தை உள்ளிருந்து. “வந்த ரெண்டாம் நாளே ஒத்தப் புருவத்தோட ஒருத்தி ஜன்னலத் தட்டினா. பார்லர் எப்ப தொறப்பீங்கன்னு என்னையே கேக்குறா.”

“அப்புறம் ஏன் அத்தை ஒண்ணும் சொல்லல?”

“ஊர் பூரா சொல்லியாச்சே, மருமக வாங்கிக் குடுத்தான்னு. இப்ப இல்லன்னு சொன்னா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சிக்கிறது?” மறுபடி கீச் சத்தம். “சோறு ஆறுது. வச்சிட்டுப் போ.”

வைத்துவிட்டு வந்தாள். நாற்காலி யாருக்கு, கடை உண்டா இல்லையா, ஒன்றும் விளங்கவில்லை. புருஷனைக் கேட்டாள். அவன் இரண்டு பக்கமும் தலையாட்டினான்.

மறுநாள் காபியோடு போனபோது, உள்ளே நாத்தனாரோடு வீடியோ பேச்சு. கச்சேரிக் குரல் திரும்பியிருந்தது.

“நாற்காலியா? அத வச்சு அவளுக்கு ஒரு பார்லர் போட்டுக் குடுக்கப் போறேன்டி. எல்லாம் என் யோசனைதான். அவளுக்கு என்ன தெரியும், வாயில்லாப் பூச்சி. நானா பாத்து ஏதாவது செஞ்சாத்தான் உண்டு. ரூமும் என்னுதுதான், குடுத்துட்டுப் போறேன். காலைல காபி குடிக்கிற வரைக்கும் மட்டும் நாற்காலி எனக்கு. அப்புறம் அது அவ பாடு.”

ஒரு வருட உழைப்பு ஒரே வாக்கியத்தில் அத்தையின் பேருக்கு மாறிவிட்டது. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எது முந்தும் என்று தெரியாமல் டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். உள்ளே அத்தை மிதித்து மிதித்து ஏறிக்கொண்டிருந்தார். நாற்காலி உச்சிக்குப் போய் நின்ற சத்தம் அவள் காதுக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்கு மேல் ஏறாது. அத்தை இன்னும் மிதித்துக்கொண்டிருந்தார்.