ஐந்து துண்டு, ஐந்து கொக்கி

என் கண்ணுக்குத் தப்பி எங்கள் வீட்டுக்குள் ஒரு கொசுகூட நுழைய முடியாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பாராட்டிச் சொல்கிறாரா, கிண்டலா என்று இருபத்தைந்து வருஷமாக எனக்குச் சந்தேகம்தான். சந்தேகம் எனக்குக் கூடவே பிறந்தது. கறிவேப்பிலையைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவேன். ஊரார் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பொம்பளைக்கு இந்தக் குணம் இருந்தே ஆக வேண்டும் என்றுதான் போன மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சூலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் எங்கள் வீடு. கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் பஸ் பிடித்து வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலை எட்டு மணிக்குக் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து கூட்டிப்போவார்கள். மொத்தம் ஐந்து குழந்தைகள். எல்லாம் இரண்டு வயசிலிருந்து நாலு வயசுக்குள். என் பெண் கல்யாணமாகி ஓசூருக்குப் போனபிறகு வீடு ஓவென்று கிடந்தது. அம்புஜம் என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இந்த ஐந்தும் வந்துதான் என்னை எழுப்பி உட்கார வைத்தன. இவர்கள் வராமல் போனால் எனக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே மாட்டேன்.

எனக்கு ஒத்தாசைக்குப் பக்கத்துத் தெரு ராசாத்தாள் வந்துகொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதோடு சரி. அதிகம் பேசாதவர்களை எனக்கு ஆகாது. உள்ளே என்ன ஓடுகிறது என்றே தெரியாதே.

சுத்தத்தில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. பாத்ரூமுக்கு வெளியே, குழந்தைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஐந்து கொக்கி. கொக்கிக்கு ஒரு துண்டு. ஒவ்வொன்றிலும் நானே நூலில் படம் பின்னியிருந்தேன். நித்யஸ்ரீக்கு மாங்காய், அபிலாஷுக்கு பஸ், சாய்குமாருக்கு மயில், நேஹாவுக்கு ஆமை, ரம்ஷாவுக்குக் குடை. சாப்பாட்டுக்கு முன்னால், பாத்ரூம் போய்வந்தபின், மண்ணில் ஆடியபின், இருபது எண்ணும் வரை சோப்புப் போட்டுக் கை தேய்க்க வேண்டும். ரம்ஷாவுக்குப் பத்து வரைதான் தெரியும். அவள் பத்தையே இரண்டு தடவை சொல்வாள். சாயங்காலம் துண்டெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போய், மறுநாள் முழுக்க மாடி வெயிலில் காயும். அதற்காகவே இரண்டு செட் வைத்திருந்தேன். புதிதாக ஒரு அம்மா வந்தால் ஹாலைக் காட்டுவதற்கு முன்னால் கொக்கிகளைத்தான் காட்டுவேன். அவ்வளவு பெருமை எனக்கு.

ஆவணி பிறந்ததும் நித்யஸ்ரீக்குக் கண்வலி வந்தது. கண் சிவந்து, பீளை கட்டி, பிள்ளை கண்ணைத் திறக்க முடியாமல் என் மடியில் கிடந்து அழுதாள். துடைத்துவிட்டு, சமாதானப்படுத்தி, அவள் அம்மா சண்முகப்பிரியாவுக்குப் போன் போட்டு அனுப்பிவைத்தேன். நாலு நாள் கழித்து அபிலாஷ். அவனுக்குச் சரியாவதற்குள் சாய்குமார்.

சண்முகப்பிரியா தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு சாயங்காலம் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். வழக்கமாக உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவள். ஒருத்தர் கண்ணில் பட்ட துணி இன்னொருத்தர் கண்ணில் படுகிறது, அதனால்தான் வரிசையாக வருகிறது என்று கண் டாக்டர் சொன்னாராம்.

"ஏனுங்கக்கா, துண்டு தனித்தனியாத்தானுங்க வெச்சிருக்கீங்க?" என்றாள்.

மரியாதையாகத்தான் கேட்டாள். ஆனால் அந்த 'ங்க'வுக்குள்ளே ஊசி இருந்தது. இன்னும் ஒரு குழந்தைக்கு வந்தால் நித்யஸ்ரீயைப் பல்லடத்தில் மாமியார் வீட்டில் விட்டுவிடப் போவதாகவும், மற்ற அம்மாக்களும் அப்படித்தான் பேசிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

துணி மாறுகிறது. சரி, மாற்றுவது யார்?

முதலில் சண்முகப்பிரியாவையே சந்தேகப்பட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து அவள்தான் கண்வலியைக் கொண்டுவந்து, பழியை என் தலையில் கட்டப் பார்க்கிறாளோ? நித்யஸ்ரீயின் பையைத் துழாவினேன். சொட்டு மருந்து எதுவும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மறுபடியும் ஒரு தடவை துழாவினேன். அடுத்து அபிலாஷின் அப்பா மனோஜ்குமார். அந்த ஆள் சாயங்காலம் வந்தால் பிள்ளை முகத்தைத் தன் கைக்குட்டையால் துடைப்பார். ஆனால் அவர் துடைப்பது அவர் பிள்ளையைத்தானே, மற்றதுகளுக்கு எப்படி வரும்? சரி, அவர் இல்லை.

மிச்சம் இருந்தது ராசாத்தாள். துண்டை எடுப்பதும், அலசுவதும், மாட்டுவதும் அவள்தான். அவள் மேல் ஒரு கண் வைத்தேன். ஒரு கண் என்ன, இரண்டையும் வைத்தேன். புதன்கிழமை மயில் துண்டையும் மாங்காய்த் துண்டையும் ஈரத்தோடு ஒரே கையில் சுருட்டிக்கொண்டு போனாள். வியாழக்கிழமை அவள் இடது கண் சிவந்திருந்தது. கேட்டதற்குத் தூசி விழுந்துவிட்டது என்றாள். தூசியாம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. எனக்குக் கண்வலி வரவே இல்லை என்பதால், என்மேல் எனக்கு ஒரு துளிகூடச் சந்தேகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து குழந்தைகளின் வீட்டாரும் கேட்டில் நின்றிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் பேரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்கிற வெறி. அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, கண்டுபிடித்துவிட்டேன், ராசாத்தாளுக்குக் கை சுத்தமில்லை, கண்வலியை மறைத்துக்கொண்டு குழந்தைகள் துண்டைத் தொட்டிருக்கிறாள், நாளையிலிருந்து வரமாட்டாள் என்று சொன்னேன்.

ராசாத்தாள் குழாயடியில் நின்றிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் அப்பிடிச் செய்யலீங்க அம்மணி," என்றாள். அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஒரு யோசனை வந்திருக்கும். பேசாமல் போனதால் குற்றத்தை ஒத்துக்கொண்டாள் என்றே முடிவுகட்டினேன்.

அடுத்த வாரம் நான் ஒருத்தியே எல்லாம் செய்தேன். துண்டைத் தொட்டது நான் மட்டும்தான். குழாயடியில் நின்று கை கழுவ வைத்ததும் நான்தான். நித்யஸ்ரீ, அபிலாஷ், சாய்குமார் மூன்று பேருக்கும் கண் முழுசாகத் தெளிந்திருந்தது. வாட்ஸப் குரூப்பில் அம்மாக்கள் பூவும் கும்பிடும் போட்டார்கள். வியாழக்கிழமை மத்தியானம், எல்லாரும் பார்த்துத் திருப்திப்படட்டும் என்று ஒரு வேலை செய்தேன். போனை அலமாரியில் சாய்த்து வைத்து, குழந்தைகள் கை கழுவுவதை அப்படியே வீடியோ எடுத்தேன். குரூப்பில் போட்டால் ஒருத்தியும் இனி வாயைத் திறக்கக் கூடாது.

சாப்பிட்டுக் குழந்தைகள் தூங்கின. நான் பாயில் பக்கத்தில் படுத்து வீடியோவை ஓட்டினேன். அடேயப்பா, என்ன அழகாகக் கழுவினார்கள். வரிசை பிசகவில்லை, துண்டு மாறவில்லை. அவரவர் கொக்கியில் அவரவர் துண்டு. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. அனுப்பப் போகிற நேரத்தில் நேஹா தூக்கத்தில் முனகிக்கொண்டு கண்ணைக் கசக்கினாள். கையை விலக்கிப் பார்த்தேன். சிவப்பு. ஓரத்தில் பீளை.

ராசாத்தாள் போய் ஆறு நாள் ஆகிவிட்டதே! வீடியோவை முதலிலிருந்து போட்டேன். கொக்கிகளை மட்டுமே பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. இரண்டாவது தடவை குழந்தைகளின் கைகளைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவைதான் நடுவில் நடமாடிக்கொண்டிருந்த பொம்பளையைப் பார்த்தேன்.

துண்டை மாட்டிவிட்டு சாய்குமார் அவளிடம் வந்து முகத்தைத் தூக்குகிறான். அவள் முந்தானையை இழுத்து அவன் கண்ணையும் மூக்கையும் ஒரு துடை துடைக்கிறாள். கன்னத்தைக் கிள்ளுகிறாள். அடுத்து நேஹா. அதே முந்தானை, அதே நுனி. ரம்ஷாவுக்கு வாய். அபிலாஷுக்குக் கண்ணோரம். நித்யஸ்ரீ வரிசையில் இடித்துக்கொண்டு வந்து முகத்தை நீட்டுகிறாள். ஆறு நிமிஷ வீடியோவில் பதினொரு தடவை. காலையிலிருந்து ராத்திரி வரை உடம்பிலேயே கிடக்கிற சீலை. ஐந்து துண்டையும் கொதிக்க வைத்தவள் அதை மறந்தேபோனாள்.

என் அம்மா என்னைத் துடைத்தது அப்படித்தான். நான் என் பெண்ணைத் துடைத்ததும் அப்படித்தான். கை தானாகப் போகிறது. அது துணி என்றே எனக்குத் தோன்றியதில்லை.

பக்கத்தில் யாரும் இல்லை. வீடியோவில் அந்த இடங்களை வெட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, என் பெண் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வெட்டிவிட்டு அனுப்பலாம். நாளையிலிருந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளலாம். கண்வலி நின்றுவிடும். ராசாத்தாள் போனதால்தான் நின்றது என்று ஊர் சொல்லும். குழந்தைகள் என்னிடமே இருப்பார்கள். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு இடத்தை வெட்டியும் பார்த்தேன். மூன்றாவதில் நேஹா முகத்தைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். அதை வெட்டக் கை வரவில்லை.

நேஹாவின் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, சாயங்காலம் குழந்தைகள் எல்லாரும் போனதும் ராசாத்தாள் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. குழந்தை அழுகிறதே, எடுக்கலையா என்றேன்.

"கீதா தொடக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாளுங்க," என்றாள். கீதா அவள் மருமகள். கேட்டில் நான் பேசியது ராசாத்தாள் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்னால் கீதாவின் காதுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஆறு நாளாகச் சொந்தப் பேரனைத் தொட விடவில்லை. தட்டும் டம்ளரும்கூடத் தனி.

போனை நீட்டி வீடியோவைக் காட்டினேன். முழுசாகப் பார்த்தாள். ஆச்சரியப்படவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா, தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்போதும் பார், கேள்வி நான்தான் கேட்கிறேன்.

"சொன்னனுங்களே அம்மணி. சாய்குமாருக்கு மூக்கு ஒழுகுன அன்னைக்கு, சீலைல தொடைக்காதீங்க, துண்டுதான் இருக்குதுங்களேன்னேன்."

"நான் என்னங்க சொன்னேன்?"

"அஞ்சு துண்டுக்கும் படம் பின்னுனவ நானு, நீ எனக்குச் சுத்தம் சொல்லித் தரயான்னீங்க. அன்னைக்குத்தான் மொதத் தடவையா என்னைய நீன்னு பேசுனீங்க."

எனக்கு நினைவே இல்லை. யார் எப்போது எந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்று பத்து வருஷத்துக்கும் கணக்காகச் சொல்கிற எனக்கு, நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை துளியும் நினைவில்லை. அவள் பொய் சொல்கிறாளோ என்று ஒரு நொடி தோன்றியது. அந்தப் புத்தியை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன். திரும்பி வரச்சொல்லிக் கேட்டேன்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது?" என்றாள். "அன்னைக்குக் கேட்டுல நின்னு கேட்டவிங்ககிட்டச் சொல்லுங்க. அப்புறம் வாரேன்."

உள்ளே அழுகை நின்றிருந்தது. கீதா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து ராசாத்தாளிடம் நீட்டினாள். அந்தக் கிழவி குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். என்னால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் கேட்டில் எல்லாரும் இருந்தபோது சொன்னேன். நேஹாவுக்கு வந்திருப்பது தெரிந்து அவள் அம்மாவும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ராசாத்தாள்மேல் ஒரு தப்பும் இல்லை, கண்வலியைப் பரப்பியது நான், இந்தச் சீலை என்று முந்தானையைத் தூக்கிக் காட்டினேன். வெட்டாத வீடியோவைக் குரூப்பிலும் போட்டேன். மனோஜ்குமார் தொண்டையைச் செருமினார். சண்முகப்பிரியா நித்யஸ்ரீயின் முகத்தைத் திருப்பி, என் எதிரிலேயே, இரண்டு கண்ணின் இமையையும் கீழே இழுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு மாதமாக நான் மற்றவர்களைப் பார்த்த பார்வை அது. அதற்கு எதிரே நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை ராசாத்தாள் ஏழரைக்கே வந்துவிட்டாள். எட்டு மணிக்கு நான் கேட்டில் நின்றேன். நேஹா வரவில்லை. ரம்ஷாவும் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அபிலாஷையும் சாய்குமாரையும் விட்டுவிட்டுப் போனார்கள். கடைசியாக சண்முகப்பிரியா வந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தாள்.

"ராசாத்தாக்கா, நீங்க இருக்கீங்கள்ல? அப்ப உட்டுட்டுப் போறேனுங்க," என்று பிள்ளையையும் பையையும் அவளிடம் கொடுத்தாள். ராசாத்தாள் வாங்கிக்கொண்டாள்.

என் வயிறு எரிந்தது. எரியட்டும், எனக்கு வேண்டும். என் வீட்டுக் கேட்டில், என் பிள்ளைகள் ராசாத்தாளை நம்பித்தான் இனி உள்ளே வரும்.

அம்மா போனதும் நித்யஸ்ரீ உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே என்னிடம் ஓடிவந்து, மூக்கு ஒழுக, முகத்தைத் தூக்கினாள். என் கை முந்தானைக்குப் போனது. ராசாத்தாள் பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் கையை எடுத்துக்கொண்டேன். பிள்ளை இன்னும் சத்தமாக அழுதாள்.