லேபிள் அக்காவின் கட்டைவிரல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வருகைப்பதிவு இயந்திரத்தின் முன்னால் கிடைத்தது. 'கிடைத்தது' என்பது கௌரவமான பொய். அன்று அந்த வரிசையில் நானும் நின்றிருந்தேன்.

நாங்கள் வேலை பார்ப்பது உறைபனிக் கிடங்கில். நான் பெட்டி அடுக்குகிறவன். அக்கா லேபிள் ஒட்டுகிறவள். எல்லோருக்கும் லேபிள் அக்கா. இரண்டு மாதமாக அவள் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போய்க்கொண்டிருந்தன.

(குளிர் தாக்கினால் உடம்பு விரல்களுக்குப் போகும் நுண்ணிய ரத்தக்குழாய்களை இறுக்கிக்கொள்கிறது. நெஞ்சுக்குச் சூடு மிஞ்ச வேண்டுமே. சிலருக்கு அந்தக் குழாய்கள் மறுபடி திறக்க வெகுநேரமாகும்.)

2

அக்காவின் கண்களில் நீர் துளிர்த்து

இல்லை. அவள் அழவில்லை. வேலை முடிந்து வந்து இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தாள், ஊதி வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

"பத்து வருஷமா வர்றேன், நீ யாருன்னு கேக்குது பாரு!" என்று சிரித்தாள்.

பின்னால் பஸ்ஸுக்குப் பறக்கும் கூட்டம். "உள்ள சுடுதண்ணி இருக்கு, கையை முக்கிட்டு வாங்கக்கா," என்றார் மேற்பார்வையாளர்.

3

கடைசி வரியை அடித்துவிடுங்கள். மேற்பார்வையாளர் அங்கே இல்லவே இல்லை. சொன்னது நான்.

தட்டு கழுவக் காய்ச்சி வைத்திருந்த தண்ணீர் வாளியில் அக்கா கையை விட்டாள். மரத்த கைக்குச் சூடு உறைக்கவில்லை. துப்புரவுக்காரர்தான் பார்த்துக் கத்தினார்.

"ஐயோ, கையை எடும்மா! வெந்துபோச்சு!"

"சுடலையேண்ணா," என்றாளாம்.

ரத்தம் ஓடியிருந்தால் அந்தச் சூட்டில் கொஞ்சத்தையாவது அள்ளிக்கொண்டு போயிருக்கும் என்றார் மருத்துவர். மூன்றாம் வாரம் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

4

முடிவு ஒன்று: நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவின் காலைப் பிடித்து

சினிமா. வேண்டாம்.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டிலருகே அவள் கணவர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "யாரு தம்பி அவளைக் கொதிக்கிற தண்ணில கை விடச் சொன்னது? கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா."

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமே இல்லாத பார்வை. அதைத் தாங்க முடியாமல், "மேற்பார்வையாளர்தான்," என்று சொல்லிவிட்டேன்.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

5

நாளைக் காலை அக்காவின் கணவர் கிடங்குக்கு வருகிறார். "அந்த ஆளைச் சும்மா விடமாட்டேன்," என்றிருக்கிறார்.

அவர் வாசலை மிதிப்பதற்குள் நான் வாயைத் திறப்பேனா? இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. இவ்வளவு தூரம் என்னைப் பார்த்துவிட்டீர்கள். நீங்களே சொல்லுங்கள்.