பூவைப் பார்க்கும் கேமரா

பெட்டி மறுபடியும் செத்துப் பிழைத்தது. முன்பக்கத்தில் வரிசையாக எரிந்த பச்சை விளக்குகள் ஒரே நேரத்தில் அணைந்தன. உள்ளே சின்ன விசிறி ஒன்று முனகி எழுந்தது. ஓர் ஆரஞ்சு விளக்கு யோசித்து யோசித்து மினுக்கியது. பிறகு பச்சைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அப்பாடா என்று நான் நிமிர்வதற்குள் மறுபடி இருட்டு. பாதித் தூக்கத்தில் எழுந்தவன் எதற்கு எழுந்தோம் என்பது மறந்துபோய்த் திரும்பப் படுத்துக்கொள்வது போல இருந்தது.

"காலையிலேர்ந்து இதே கூத்துதான் இன்ஜினியரம்மா," என்றார் ஆர்க்கிட் வளர்க்கும் யென் அண்ணன்.

எங்கள் ஊர் ஹௌபியில் ஆர்க்கிட் பூச்செடி வளர்ப்பவர்களின் பசுமைக்குடில்களுக்கெல்லாம் நெட்வொர்க் வேலைக்கு நான்தான் போகிறேன். ஒரு குடிலில் இருக்கும் விசிறி, நிழல்திரை, ஈரமானி, கேமரா எல்லாம் இந்த சுவிட்ச் பெட்டி வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பெட்டி மயங்கினால் குடிலே மயங்கும். அண்ணன் விசிறிகளைக் கையால் போட்டு ஓடவிட்டிருந்தார். ஆனால் கூரைக்கடியில் இருக்கும் நிழல்திரைக்கு அந்த வசதி கிடையாது. பெட்டி விழிக்கும்போதெல்லாம் அது வெயிலை மறைக்கக் கொஞ்சம் விரியும், பெட்டி அணைந்ததும் சுருங்கிக்கொள்ளும். அதனால் குடிலுக்குள் மேகம் வந்து வந்து போனது. ஆயிரக்கணக்கான வெள்ளைப் பூக்கள் ஒரே நேரத்தில் மங்கி, ஒரே நேரத்தில் பளிச்சிட்டன. பார்த்துக்கொண்டே நின்றால் கால் தரையில் இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும். எனக்கு வந்தது.

பெட்டியின் தலைமேல் பச்சை நிறத் தேங்காய்ப் பொரிப் பொட்டலம் ஒன்று சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அந்தப் பொரியின் பெயருக்கே 'சமர்த்து' என்றுதான் அர்த்தம்; தேதி முடியாத பொட்டலம் ஒன்றை மேலே வைக்காமல் எங்கள் ஊரில் எந்த இயந்திரத்தையும் நம்பித் தனியே விட மாட்டோம். எத்தனை படித்தவளாக இருந்தாலும் நானும் அப்படித்தான்.

"தேதி முடிஞ்சிருக்குமோன்னு காலையில புதுசு வாங்கி வச்சேன். அதுக்கும் மசியல."

"பழசு?"

"தின்னுட்டேன்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் போனை என்னிடம் நீட்டினார். அதில் கேமராவின் படம் வரவேண்டிய இடத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"விசிறி, திரையெல்லாம் எப்படியோ போகட்டும். எனக்கு இந்தக் கேமரா வந்தாப் போதும். இன்னிக்கே வரணும்."

ஏன் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் மனைவி பி-யுன் அக்கா தைனான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நாளைக் காலையில் எலும்பு மஜ்ஜை மாற்றுகிறார்கள். அவரை வைத்திருக்கும் அறைக்குள் மண்ணோ செடியோ பூவோ நுழையக் கூடாது. புருஷன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். ஆனால் அக்கா, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"மூஞ்சியக் காட்ட மாட்டேங்கிறா. போன்லயும் குரல் மட்டுந்தான். பூவக் காட்டுங்க, அது போதும்ங்கிறா."

அக்கா கேமரா வழியாகத் தன் போனில் பார்த்துவந்த அந்தப் பூ மேசையின் கோடியில், தனித் தொட்டியில் இருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் அக்கா பல்குச்சி நுனியால் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றில் தொட்டு உண்டாக்கிய புது வகை. உலகத்தில் யாரும் அதன் நிறத்தைப் பார்த்ததில்லை. இதுதான் அதற்கு முதல் மொட்டு. காலையில் வாய் பிளக்கத் தொடங்கியிருந்தது. உள்ளே ஒரு கீற்று தெரிந்தது. அதை மஞ்சள் என்று சொல்வதா, விடிகாலை என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

"வீடியோ எடுத்து அனுப்புங்களேன் அண்ணே."

"அனுப்பினேன். ஆட்டுறீங்க, தலை சுத்துதுங்கிறா. கேமராவுல பாத்தாத்தான் பாத்த மாதிரி இருக்காம்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "நாளைலேர்ந்து கண்ணத் தொறந்து பாக்கவே சத்து இருக்குமோ என்னவோன்னு டாக்டர் சொல்றாரு."

எல்லா வயர்களையும் பிடுங்கினேன். பெட்டி எழுந்தது, விழவில்லை. சமர்த்தாக நின்றது. ஆக, பெட்டியில் குறையில்லை. அதில் வந்து சேருகிற ஏதோ ஒன்றுதான் அதைச் சாய்க்கிறது. ஒரு வயரைச் செருகிவிட்டுக் காத்திருப்பேன். விழவில்லையென்றால் அடுத்தது. இந்த வேலையில் பாதி இப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்தன. ஈரக்காற்று முகத்தில் படிந்தது. அண்ணன் செடிகளுக்கு நடுவே போய் வந்துகொண்டிருந்தார். அந்தத் தனித் தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் முதுகை வளைத்துக் குனிந்து நடந்தார். சினிமாக் கொட்டகையில் அடுத்தவர் முன்னால் போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள்.

"எதுக்குண்ணே குனியிறீங்க?"

"மறைக்கக் கூடாதுல்ல. ஒரு தடவ குறுக்க நின்னுட்டேன். அன்னிக்கிப் பூரா அவ என்னத்தப் பாத்திருப்பா, என் முதுகத்தான்."

கேமரா வேலை செய்யவில்லை என்பதை அவருக்கு நினைவுபடுத்த எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் ஒரே ஒரு வயர் மிஞ்சியது. செருகினேன். விளக்குகள் எல்லாம் அணைந்தன. பிடுங்கினேன், எழுந்தது. மறுபடி செருகினேன், விழுந்தது. அந்த வயர் வழியாகத்தான் கேமராவுக்கு மின்சாரமும் போகிறது. கேமராவுக்குள் எங்கோ தண்ணீர் புகுந்து, கொடுத்ததையெல்லாம் குடித்துவிட்டுப் பெட்டியையும் சேர்த்துக் கவிழ்க்கிறது.

"கேமராதான்ணே கெட்டது. அதக் கழட்டி வச்சா மத்ததெல்லாம் ஓடும்."

அவர் என்னை முறைத்தார். "பெட்டியச் சரி பண்ண வந்துட்டுக் கேமரா மேல பழி போடுறியா? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்." அடுத்த நொடியே குரல் இறங்கிவிட்டது. "அம்மா, மத்ததையெல்லாம் புடுங்கிப் போட்டுடு. இது ஒண்ண மட்டும் வச்சுக்க. அப்போ தாங்குமா?"

தாங்காது என்று தெரிந்தும் அவருக்காகச் செய்து காட்டினேன். தாங்கவில்லை. புதுக் கேமரா வர நாளை மறுநாள் ஆகும்.

மதியம் ஆகிவிட்டது. உணவுப் பெட்டியில் கோழித்தொடையை எனக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, முட்டைக்கோஸையும் சோற்றையும் அவர் தின்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் அசராமல் எங்கள் ஊரில் யாரும் மிச்ச நாளைத் தொடங்குவதில்லை, இடியே விழுந்தாலும். தனித் தொட்டிக்குச் சற்றுத் தள்ளி ஒரு மடக்குக் கட்டில் கிடந்தது. அதில் ஒருக்களித்துப் படுத்தார். வாய் தானாகத் திறந்துகொண்டது.

நான் ஏணியைச் சாத்தி ஏறினேன். வயரின் முனை பச்சைப் பாசியாக அரித்துப்போயிருந்தது. கேமராவின் கண்ணாடிக்குப் பின்னால் நீர்த்துளிகள். தூரத்திலிருந்தபடியே திருப்பக்கூடிய கேமரா அது. அதன் பார்வை எங்கே போகிறது என்று தலையை அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். பூத்தொட்டி அதன் கண்ணில் படவே படாது. அது கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது, திருப்பிக் கொடுக்க மறந்து என் பையில் போட்டிருந்த அண்ணனின் போன் அடித்தது. அவர் விழித்துவிடப் போகிறாரே என்று அவசரமாக எடுத்துப் பேசினேன்.

"இன்ஜினியரா?" மெல்லிய குரல். "ரெடியாயிடுச்சா?"

"இல்லக்கா. தண்ணி புகுந்துடுச்சு. இன்னிக்கு ஆகாது." சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கேமரா வேற எங்கயோ திரும்பியிருக்குக்கா. புதுசு மாட்டும்போது பூவப் பாத்து வச்சிடறேன்."

"அது தானாத் திரும்பல. நான்தான் திருப்பினேன்."

ஏணியின் மேல்படியில் அப்படியே நின்றேன்.

"பூவப் பாத்து என்ன ஆகப்போகுது. இந்த மனுஷன் சாப்பிட்டாரா, தூங்கினாரான்னு எனக்கு யாரு சொல்லுவா? கேட்டா நல்லாத்தான் இருக்கேம்பாரு. எலும்பா எளைச்சுக் கெடக்காரு." லேசாகச் சிரித்தார். "பூவுக்குக் குறுக்க வரக் கூடாதுன்னு குனிஞ்சு குனிஞ்சு நடக்குறாரு, பாத்தியா? நான் அவரு பின்னாலயே திருப்பிக்கிட்டுப் போவேன். லூசு மனுஷன். சொல்லிடாத. தெரிஞ்சா வெக்கப்பட்டு, கேமராவுக்காகச் சாப்பிட ஆரம்பிச்சுடுவாரு."

இருபது வருஷமாக வயர் முனைகளில் வாழ்கிறேன். எந்த முனையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"இப்போ தூங்குறாருக்கா. போன்லயே காட்டட்டுமா? உங்க பக்கத்துக் கேமராவ மூடி வச்சுக்குங்க."

ஏணியிலிருந்து இறங்கி வீடியோவுக்கு மாற்றினேன். அக்காவின் பக்கம் வெறும் கறுப்பு. கட்டிலருகே மண்டியிட்டு, ஆட்டாமல், இரண்டு கையாலும் போனைப் பிடித்தேன். கேமரா வயரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் திரும்பச் செருகியிருந்ததால் பெட்டி அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. நிழல்திரை இந்த முறை நிற்காமல் முழுக்க விரிந்தது. குடில் முழுவதும் பால் கலந்த தண்ணீர் போல ஒரு வெளிச்சம் இறங்கியது. அண்ணன் கன்னத்தில் கோஸ் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. கறுப்புச் சதுரத்திலிருந்து சத்தமே வரவில்லை. அழுகிறாரா, பார்க்கிறாரா, எனக்குத் தெரியாது. என் கைகள் வலிக்க ஆரம்பித்தன. நான் அசையவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. கறுப்பு விலகியது.

அக்கா கம்பளிக் குல்லாயைக் கழற்றியிருந்தார். தலையில் ஒரு முடி இல்லை. புருவமும் இல்லை. கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன. என்னை அவர் பார்க்கவே இல்லை. தூங்குகிறவருக்குத் தன்னைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் போனைத் தலையணையின் ஓரத்தில், அண்ணன் முகத்துக்கு நேராகச் சாய்த்து நிறுத்தினேன்.

அண்ணனின் வாய் மூடிக்கொண்டது. இமைகள் அசைந்தன. நான் பதறிப்போய், போனைக் கவிழ்க்கக் கையை நீட்டினேன்.

"இருக்கட்டும்," என்றார் அக்கா.

அண்ணனின் கண்கள் பாதி திறந்தன. போன் திரைக்குள் அக்கா கையைத் தூக்கி, இல்லாத கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.