நாற்பத்தேழாம் எண் மரம்

"ஏணியிலேருந்து வழுக்கி விழுந்துட்டேன்னு ஒரே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் மாப்பிள்ளை" என்று கட்டிலின்மேல் காகிதத்தை வைத்தார் மைத்துனர்.

கட்டிலில் கிடந்த தையல்காரரின் வலது காலில் தொடைவரை மாவுக்கட்டு.

"நம்ம வீட்டுல ஏணியே இல்லையே அண்ணே" என்றாள் அவர் மனைவி. கையில் பாதி காஜா எடுத்த சட்டை.

"ஏணி ஒண்ணு நான் வாங்கித் தர்றேன்."

அண்ணன் நகராட்சிப் பூங்காப் பிரிவில் பியூன். சென்ற செவ்வாய்க்கிழமை, வாசலில் நின்ற நகராட்சிப் பட்டமரம், வீட்டு முன்புறத் தையல்கடையின் தகரச் சாய்ப்பின்மேல் விழுந்து, தையல்காரரின் காலையும் அது மிதித்துக்கொண்டிருந்த மிஷினையும் சேர்த்து நசுக்கிவிட்டது. அதை வெட்டச் சொல்லி ஒன்பது மாதத்தில் அவள் மூன்று மனு கொடுத்திருந்தாள். மூன்றும் பத்திரமாக இருந்தன. நகராட்சியில் எதுவும் தொலைந்து போவதில்லை, கிடைக்காது, அவ்வளவுதான்.

"மரம் விழுந்ததுக்கு ஏன் ஏணியத் தேடுறாங்க?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழமை தணிக்கைக்கு ஆள் வர்றாங்க. இதுக்கு மேல கேக்காத. பிள்ளைகுட்டிக்காரன் நான், என் பொழப்புல மண்ணப் போட்டுடாதே."

தையல்காரர் சாது. அளவைத் தப்பாகச் சொன்ன வாடிக்கையாளரிடம் தானே மன்னிப்புக் கேட்கிற ரகம். பேனாவுக்குக் கை நீட்டினார். அவள் காகிதத்தை எடுத்து நாலாக மடித்தாள்.

"கால் உங்களுது. விழுந்தது ஊர் மரம். நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்."

பூங்கா அதிகாரி பச்சை மையில்தான் கையெழுத்துப் போடுவார். அதனால் ஆபீசில் அவருக்குப் 'பசுமைக் காவலர்' என்று பெயர். மேஜைமேல் மூன்று தொட்டிச்செடிகள் இருந்தன. மூன்றும் பிளாஸ்டிக்.

"நாற்பத்தேழாம் எண் மரமா?" பதிவேட்டைப் புரட்டினார். "அதைப் போன வருஷமே வேரோட எடுத்தாச்சேம்மா. காண்ட்ராக்டருக்குப் பணமும் குடுத்தாச்சு. அந்த இடத்துல ரெண்டு கன்னு நட்டிருக்கோம். தினமும் லாரியில தண்ணி. கூண்டுக்குப் போன மாசந்தான் பெயிண்ட் அடிச்சோம்."

பெற்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோல் அவர் உருகிச் சொன்னதைக் கேட்டு, அந்தக் கன்றுகளைத் தான்தான் கவனிக்காமல் மிதித்துக்கொண்டு நடந்தோமோ என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

"அப்ப என் வீட்டுக்காரர் கால்மேல விழுந்தது என்னங்க?"

"அதை நான் எப்படிச் சொல்றது? வெட்டின மரம் விழாது. இல்லாத மரத்துக்கு நஷ்டஈடு குடுத்தா, நாளைக்குக் கேள்வி வராதா? மக்கள் பணம்மா!"

மக்கள் பணத்தின்மேல் இவ்வளவு அக்கறையுள்ளவர் ஊரில் இருக்கிறார் என்பது அவளுக்கு அன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை லாரி வந்தது. ரம்பத்தோடு நாலு ஆட்கள். அவள் காஜா எடுக்க வேண்டிய சட்டை மூட்டையோடு போய் அடிமரத்தின்மேல் உட்கார்ந்தாள்.

"எழுந்திரும்மா, மரத்த எடுக்கணும்" என்றார் மேஸ்திரி.

"எந்த மரம்?"

மேஸ்திரி கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் 'குப்பை' என்று போட்டிருந்தது.

"நாற்பத்தேழாம் எண் மரத்த எடுத்துட்டுப் போறோம்னு எழுதிக் குடுத்துட்டு எடுங்க."

"அப்படி ஒரு மரமே இல்லைங்கிறாங்களேம்மா."

"இல்லாத மரத்துமேல நான் உட்கார்ந்திருந்தா உங்களுக்கு என்ன இடைஞ்சல்?"

தெரு சிரித்தது. முதல் நாள் வண்டி போக வழியில்லை என்று திட்டிய எதிர்வீட்டுக்காரி, இரண்டாம் நாள் மரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் அதிகாரியே ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னால் முத்திரைப் பெட்டியோடு அண்ணன். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"சாய்ப்புக்கு அனுமதி வாங்கினியா? இல்லல்ல? இப்ப போடுறேன் பாரு அபராதம்!"

பூங்காப் பிரிவின் அபராத நோட்டீசில் மர எண்ணுக்கென்று ஒரு கட்டம் உண்டு. கோபத்தில் அதையும் அவரே நிரப்பினார். பச்சைக் கையெழுத்து விழுந்தது. அண்ணன் முத்திரை வைத்துத் தங்கையிடம் நீட்டினார்.

அவள் அதைத் தெருவுக்கே கேட்கும்படி எழுத்துக்கூட்டிப் படித்தாள். "நகராட்சிக்குச் சொந்தமான நாற்பத்தேழாம் எண் மரம் சென்ற செவ்வாய்க்கிழமை விழுந்தபோது, அனுமதியற்ற சாய்ப்பினால் மேற்படி மரத்துக்குச் சேதம் விளைவித்த குற்றத்துக்காக..."

அதிகாரி அவசரமாகக் கையை நீட்டினார்.

"இங்க குடும்மா. ஒரு சின்னத் திருத்தம்."

"எனக்குக் குடுத்தத எதுக்குங்க திரும்பக் கேக்குறீங்க?" சேலையைத் தட்டிவிட்டு எழுந்தாள். "மேஸ்திரி, இப்ப எடுத்துக்குங்க மரத்த."

பிறகு காகிதத்தை அண்ணனிடம் விரித்துக் காட்டினாள்.

"முத்திரை மங்கலா இருக்கு அண்ணே. கோர்ட்டுல படிக்கணும். இன்னொரு தடவை குத்து."

அண்ணன் அதிகாரியைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியே, கட்டிலில் நீட்டிக் கிடந்த மாவுக்கட்டுக் காலைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து, முத்திரையை மையில் நன்றாகத் தோய்த்து, உள்ளங்கையால் அழுத்திக் குத்தினார்.